சிங்கப்பூருக்கு ஜோடியாகக் குடிவருகிறவர்களுக்கு: எதை முதலில், எதைப் பிறகு

சிங்கப்பூரில் குடியேறுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. வேலை அட்டை வராமல் வங்கிக் கணக்கு இழுபறிதான். அட்டை எண் இல்லாமல் சிங்பாஸ், அதாவது அரசுச் சேவைகளுக்குள் நுழைய உதவும் மின்னடையாளம், கிடையாது. சிங்பாஸ் இல்லாவிட்டால் பாதி வேலை நகராது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் வீடு, கரண்டு, வங்கி எல்லாம் ஓடத் தொடங்கிவிடும்.

ஆனால் அவசரத்தில் எல்லாமே வேலை கிடைத்தவர் பெயரில் போய்விடுகிறது. வீட்டு ஒப்பந்தம் அவர் பெயர், போன் எண் அவர் பெயர், வங்கி அவர் பெயர். கூட வந்தவர் கேஸ் பில் பார்க்கக்கூட ஓடிபிக்காக ஆபீசுக்குப் போன் போட வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் இன்னொருவர் பெயரும் இருக்கிறதா? மனைவிக்கு வேலை கிடைத்து கணவர் கூட வரும் வீடுகளும் இப்போது நிறைய என்பதால் ‘வேலைக்கு வருபவர்’, ‘கூட வருபவர்’ என்றே எழுதுகிறேன்.

ஊரை விட்டுக் கிளம்புமுன்

மனிதவள அமைச்சு கொடுக்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை எல்லாரும் ஐபிஏ என்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதுவே ஒருமுறை நுழைவதற்கான விசாவும்கூட. வேலைக்கு வருபவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், கூட வருபவருக்கு டிப்பெண்டன்ட்ஸ் பாஸ். இரண்டாவதை வாங்க வேலைக்கு வருபவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். (இங்கே டாலரைத் தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) இரண்டு பேருக்கும் தனித்தனி ஐபிஏ வரும். ஒன்று வந்ததுமே டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்ததாக இருக்க வேண்டும். மண்டபத்துக்காரர் கொடுத்த கடிதமும் கோவில் ரசீதும் எடுபடாது. சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வையுங்கள். கூட வருபவரின் பட்டச் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதம் எல்லாமும் கையோடு வரட்டும். பின்னால் அவர் வேலை தேடும்போது ஊரிலிருந்து கூரியரில் வரவழைப்பது தலைவலி.

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். இந்திய வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும், எனவே கிளம்புமுன்பே ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். வெளிநாட்டில் குடியேறியபின் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். கிளைக்கு ஒருமுறை நேரில் போய்ப் படிவம் வாங்கி வந்துவிடுவது நல்லது.

பெட்டியில் என்ன வைப்பது? பிரஷர் குக்கர், அதுவும் அடிப்பக்கம் இண்டக்ஷனுக்கு ஒத்துவருவதாக. வாடகை வீடுகள் பலவற்றில் கேஸ் அடுப்பு இருக்காது. ஊர் மிக்ஸி இங்கே 230 வோல்ட்டில் ஓடும், ஆனால் சுவரில் இருப்பது தட்டையான மூன்று கால் சாக்கெட். மாற்றிச் செருக அடாப்டர் வேண்டும்.

வைக்கக்கூடாதவை: கசகசா. குருமாவுக்கு என்று ஒரு பொட்டலம் எடுத்து வருவார்கள், இங்கே அது போதைப்பொருள் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. சூயிங்கம் வேண்டாம். வேப் சிகரெட் கூடவே கூடாது. மருந்துகளில் கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். மற்ற மாத்திரைகளை மூன்று மாத அளவுக்குள், மருத்துவர் சீட்டோடு கொண்டு வாருங்கள்.

முதல் இரண்டு வாரம் எங்கே தங்குவது

ஓட்டல், அல்லது உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட். இணையத்தில் மலிவாகத் தெரியும் ‘ஒரு வார வாடகை வீடு’களைத் தொடாதீர்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை, சிராங்கூன் சாலைப் பக்கம் சின்ன ஓட்டல்கள் இருக்கின்றன. அறை பெட்டியை விரித்துப் போட முடியாத அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் இறங்கி நடந்தால் இட்லி கிடைக்கும். முதல் வாரத்துக்கு அந்தப் பகுதிதான் என் சிபாரிசு.

இறங்கும் நாள்

எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்படிவத்தை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பினால் விடியற்காலையில் சாங்கியில் இருப்பீர்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். இரண்டு பெரிய பெட்டி, ஒரு குக்கர் பை என்று இருந்தால் டாக்சிதான். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டர் டாக்சியில் பாதிக்குப் பாதி கூடுதல் கட்டணம் உண்டு. ஒரு காப்பி குடித்துவிட்டு ஆறு மணிக்குமேல் ஏறினால் அந்தக் கூடுதல் மிச்சம்.

விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு சிம் வாங்குங்கள். இருவருக்கும், அவரவர் கடவுச்சீட்டில். பிற்பாடு சிங்பாஸ், வங்கி என்று எல்லாமே இந்த எண்ணில் தொங்கப்போகிறது.

ரயிலுக்கும் பஸ்சுக்கும் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுக் கட்டணம் சேரும். முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஈசி-லிங்க் பயண அட்டையை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது மேல். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. பஸ்சில் ஏறும்போதும் தட்டணும், இறங்கும்போதும் தட்டணும். இறங்கும்போது மறந்தால் அந்த பஸ் கடைசியாகப் போகும் இடம்வரைக்கும் காசு பிடிக்கும். ரயிலில் தண்ணீர் குடித்தாலும் அபராதம்தான், 500 வெள்ளி வரை.

அட்டை

நீங்கள் இறங்கியதும் நிறுவனம் இணையத்தில் பாஸை வழங்கச் சொல்லி விண்ணப்பிக்கும். உடனே ஓர் அறிவிப்புக் கடிதம் வரும். அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உங்கள் அடையாளம். கைரேகை, புகைப்படம் எடுக்க வேண்டுமா என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். வேண்டுமென்றால் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள். பிறகு ஒரு வாரத்துக்குள் அட்டை பெரும்பாலும் அலுவலக முகவரிக்கு வரும்.

அட்டையில் இருக்கும் ‘ஃபின்’ என்ற வெளிநாட்டவர் அடையாள எண்ணை இரண்டு பேரும் மனப்பாடம் செய்யுங்கள். கிளினிக்கிலும் கேட்பார்கள், நூலகத்திலும் கேட்பார்கள். அந்த எண்ணை வைத்து இருவரும் தனித்தனியாகச் சிங்பாஸ் பதியலாம். கூட வந்தவருக்கு அது எதற்கு என்று தள்ளிப்போடுவார்கள். வேண்டாம், அன்றைக்கே பதியுங்கள்.

வீடு

நேரமும் காசும் அதிகம் போவது இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாக.

வீடுகள் இரண்டு வகை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி ஒன்று. பத்திரிகையில் வீவக என்று எழுதுவார்கள், பேச்சில் எச்டிபி. மற்றது நீச்சல் குளம், காவலாளியோடு வரும் தனியார் காண்டோ. முதல் வருஷம் ஜோடிக்கு எச்டிபி தாராளமாகப் போதும். கீழே இறங்கினால் காப்பிக் கடை, மளிகை, கிளினிக் எல்லாம் இருக்கும். நீச்சல் குளத்துக்குக் கொடுக்கும் கூடுதல் வாடகைக்கு எத்தனை பேர் தினமும் நீந்துகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

விளம்பரத்தில் ‘மூவறை வீடு’ என்றால் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். நம்மூர்க் கணக்கில் இரண்டு பெட்ரூம் வீடு. ‘நாலறை’ என்றால் மூன்று படுக்கையறை. இது தெரியாமல் நாலு பெட்ரூம் கனவோடு போய் நிற்பவர்கள் உண்டு.

எச்டிபியில் வெளிநாட்டவருக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. குடியுரிமையோ மலேசியக் கடவுச்சீட்டோ இல்லாதவர்களுக்கு முழு வீடாக விடப்பட்டவை ஒரு பிளாக்கில் 11 சதவீதம், அந்த வட்டாரத்தில் 8 சதவீதம் தாண்டக் கூடாது. பிடித்த வீட்டில் ‘கோட்டா முடிந்துவிட்டது’ என்று சொன்னால் அது சாக்காக இருக்க வேண்டியதில்லை, ஆனால் பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுவிட வேண்டும். உங்கள் பாஸில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் இருக்க வேண்டும். வாடகைக்கு விட வீவக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று உரிமையாளரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

தரகர் யாராக இருந்தாலும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரையும் போன் எண்ணையும் தேடுங்கள். எச்டிபி வாடகையில் தரகர் உங்கள் முன்பணத்தையோ வாடகையையோ கையால் தொடவே கூடாது என்பது விதி. ‘என் கணக்குக்குப் போடுங்க, நான் ஓனருக்குக் கொடுத்திடறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்குமுன் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

இந்தியர் என்றதும் சில உரிமையாளர்கள் பின்வாங்குவதும் நடக்கும். யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், ‘வீடு இப்பதான் போயிடுச்சு’ என்று மெசேஜ் வரும். பல சமயம் பேச்சு சமையலில் போய் முட்டும். ‘லைட் குக்கிங்தானே?’ என்று தரகர் கேட்பார். தலையாட்டிவிடாதீர்கள். அவர் அகராதியில் அது நூடுல்ஸ், முட்டை, சூப். தினமும் கடுகு வெடிக்கும், வாரத்துக்கு ஒருநாள் மீன் குழம்பு கொதிக்கும் என்று அங்கேயே சொல்லி, வாட்ஸ்அப்பிலும் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது ‘சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு’ என்று முன்பணத்தில் கைவைக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு இப்படி வரும். மாத வாடகை 3,000 வெள்ளி, ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்று வையுங்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் என்ற வழக்கப்படி முன்பணம் 6,000. முதல் மாத வாடகை 3,000. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதாவது 72,000க்கு 288 வெள்ளி. அதை வாடகைதாரர்தான், கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். ஆக, சாவி கைக்கு வருமுன் 9,288 வெள்ளி. நீங்களாக ஒரு தரகரை வைத்திருந்தால் அவர் கூலி தனி. முதல் சம்பளம் வருமுன்பே இது தேவைப்படும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். முதலாவது ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’. வேலை போனாலோ நாட்டை விட்டுப் போக நேர்ந்தாலோ, ஒரு வருஷம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அது. வேலை பறிபோனால் பாஸ் ரத்தாகும், கூட வந்தவரின் பாஸும் அதோடு போகும், வழக்கமாக 30 நாள்தான் தங்கவிடுவார்கள். இந்தக் கிளாஸ் இல்லாத இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். இரண்டாவது, சின்ன ரிப்பேருக்கு உங்கள் பங்கு எவ்வளவு என்ற வரம்பு. மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் செய்யும் பொறுப்பு. அந்த ரசீதுகளை ஒன்றுவிடாமல் வைத்திருங்கள். வாடகைதாரர் என்ற இடத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

சாவி வாங்கும் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பத்து நிமிஷம் கழித்து அடியில் கைவைத்துப் பாருங்கள், சொட்டுகிறதா என்று. வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பாருங்கள், கறுப்புப் பூஞ்சை இருந்தால் படம் எடுங்கள். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். குளியலறை ஹீட்டர் சுவிட்ச் வெளியேதான் இருக்கும், போட்டு வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். தரையில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்புங்கள். முன்பணத் தகராறு வந்தால், இரண்டு வருஷத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களைச் சிறுகோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும், 20,000 வெள்ளி வரை. வக்கீல் தேவையில்லை. அங்கே பேசுவது இந்தப் படங்கள்தான்.

மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் எஸ்பி நிறுவனத்தில் ஒரே கணக்கு. குடிபுகுமுன் சில நாள் முன்பே விண்ணப்பியுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆர்ஓ மெஷின் தேட வேண்டாம்.

வங்கி

டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றில் எதுவானாலும் சரி. கடவுச்சீட்டு, பாஸ், முகவரிச் சான்று கேட்பார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கூட வந்தவர் பெயர் இருந்தால் முகவரிச் சான்றுக்கு அவர் தனியாக அலைய வேண்டியதில்லை. இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு, கூட வந்தவருக்குத் தனி டெபிட் கார்டு, அவர் போன் எண்ணில் பேநவ் (போன் எண்ணை வைத்தே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி). காய்கறிக் கடையிலிருந்து முடிதிருத்தும் கடைவரை பேநவ் ஓடும். 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ் இந்தியாவின் யுபிஐயோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் சேர்ந்த வங்கிகள் வழியாக வீட்டுக்குச் சின்னத் தொகைகளை உடனுக்குடன் அனுப்பலாம்.

புதிதாக வந்தவர்களைக் குறிவைத்து ‘மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறேன், உங்கள் பாஸில் பிரச்சினை’ என்று போன் வரும். இங்கே எந்த அரசாங்க அதிகாரியும் போனில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார். சந்தேகம் என்றால் துண்டித்துவிட்டு 1799க்குக் கேளுங்கள்.

சாப்பாடும் சாமானும்

முதல் சனிக்கிழமை தேக்கா போய்விடுங்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே தேக்கா சந்தை. கீழே மீன், ஆட்டிறைச்சி, காய்கறி, ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். மாடியில் துணிக்கடைகள். முருங்கைக்காய், வாழைப்பூ, பொன்னி அரிசி, இட்லி மாவு எதற்கும் பஞ்சமில்லை. ஞாயிறு சாயங்காலம் மட்டும் தவிர்க்கலாம். வாரம் முழுக்க உழைத்த தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கும் நேரம் அது, நடைபாதையில் கால்வைக்க இடமிருக்காது. பாத்திரம் பண்டம் வாங்க அதே வட்டாரத்தில் முஸ்தபா என்ற பெரிய கடை, நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும்.

உணவங்காடி நிலையத்தில் காலி மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். தள்ளிவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டபின் தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும். 2021லிருந்து இது கட்டாயம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாஸும் காய்ந்த இறாலும் நுழைந்துவிடும். சீன சைவக் கடைகள் தனியாகவே இருக்கின்றன. அங்கே கறி மாதிரி தெரிவது சோயாவும் கோதுமையும்தான், பயப்பட வேண்டாம்.

கூட வந்தவருக்கு

டிப்பெண்டன்ட்ஸ் பாஸில் இருந்துகொண்டு வேலைக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அவருக்கும் தனியாக ஒரு வேலை பாஸ் வாங்கித் தர நிறுவனம் முன்வர வேண்டும். இதைச் சென்னையிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். ‘போனதும் ஏதாவது கிடைக்கும்’ என்று கூட்டிவந்துவிட்டு ஆறாவது மாதம் வீட்டில் சண்டை போடுவதைக் காட்டிலும் அது நல்லது. வீட்டில் காசு வாங்கி டியூஷன் எடுப்பதும் வேலையாகவே கருதப்படும்.

பகல் பொழுது நீளமாக இருக்கும். தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் நன்றாகவே உண்டு. வெளிநாட்டவருக்கு ஆண்டுக் கட்டணம், ஆனால் ஏசியில் உட்கார்ந்து படிக்க யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒலி 96.8 வானொலியை வீட்டில் ஓடவிட்டால் ஊரின் நடப்பு தெரிந்துவிடும். சமூக மன்றங்களில் சமையலிலிருந்து சீனமொழிவரை வகுப்புகள் நடக்கும். எச்டிபி மின்தூக்கியில் சந்திக்கும் பாட்டியிடம் ‘ஆன்டி’ என்று சொல்லிச் சிரித்தால் எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்பதுவரை தெரிந்துகொள்ளலாம்.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கூட வந்தவருக்கும் சேர்ந்தா என்று முதல் வாரமே கேளுங்கள். இல்லையென்றால் தனியாக எடுங்கள். அரசு மருத்துவமனையானாலும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது. ஆம்புலன்ஸுக்கு 995, போலீசுக்கு 999.

துளசித் தொட்டி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கிக்காக அதிகாரிகள் வீட்டுக்குள்ளேயே வந்து பார்ப்பார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம். வருகிறவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கலாம்.

வரி

இந்தியாவில் போல மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டார்கள். இந்த வருஷம் சம்பாதித்ததற்கு அடுத்த வருஷம் உள்நாட்டு வருவாய் ஆணையத்திலிருந்து மொத்தமாகச் சீட்டு வரும். கையில் முழுச் சம்பளமும் வருவதைப் பார்த்து எல்லாவற்றையும் செலவழித்தவர்கள் அப்போது திண்டாடுவார்கள். வங்கி வழியாக 12 மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்ட வழி இருக்கிறது. ஆனால் வேலையை விட்டு நாட்டைவிட்டுப் போவதானால் வரிக்கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைத்துக்கொள்ளும். அதனால் முதல் சம்பளத்திலிருந்தே மாதம் ஒரு தொகையை அந்தக் கூட்டுக் கணக்கில் தனியாக ஒதுக்குங்கள். அது எவ்வளவு, எதற்கு என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.